லிசானியாஸ் கட்டிய பெண் வேஷம்

ஏதென்ஸில் லிசானியாஸைக் கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடித்துவிடலாம். கம்பளித் துணி வெளுப்பது அவன் தொழில். தெருமுனை ஜாடிகளில் சேரும் பழைய மூத்திரத்தைத் தொட்டியில் ஊற்றி, வெள்ளை மண்ணைக் கரைத்து, துணியை அதில் போட்டு நாள் முழுதும் காலால் மிதிப்பான். எவ்வளவு எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் அந்த வாடை போகாது. சபை கூடும் குன்றில் அவன் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரு முழம் தள்ளி உட்காருவார்கள். "இந்த ஊர்ல தாராளமா கால் நீட்டி உக்கார்றவன் நான் ஒருத்தன்தான்டா," என்பான்.

என் பெயர் மிக்கியோன். அவன் பட்டறைக்கு எதிர்ச் சாரியில் செருப்புத் தைக்கிறேன். தோல் ஊறும் நாற்றத்தில் முப்பது வருடம் கழித்த மூக்குக்கு அவன் வாடை பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது. பிறகு ஒரே கப்பலில் துடுப்புப் போட்டோம். பிறகு நாடகத்தில் கூட்டமாகப் பாடி ஆடும் ஒரே கோரஸில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடினோம். அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு அந்த உரிமை போதும் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் வேனில் திருவிழாவுக்கு நாடகம் போடும் கவிஞர்களில் ஒருவருக்கு அந்திபிலோஸ் என்ற பணக்காரர் செலவு ஏற்றிருந்தார். பாடி ஆடப் பதினைந்து பேர் வேண்டும். ஆள் பிடிக்க வந்தவர் பட்டறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று லிசானியாஸ் மிதிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவன் மிதித்துக்கொண்டே பாடுவான். ஒரு அடி தப்பாது. "குரல் வேணும்னு வந்தேன், காலும் சேத்தே கெடச்சிருச்சு," என்றார் வந்தவர். எதிரே உட்கார்ந்து செருப்புக்கு ஊசி கோத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "நீயும் பாடுவியா?" என்றார். சுமாராகப் பாடுவேன் என்றேன். சுமாராகப் பாடுகிறவர்களும் வேண்டுமாம்.

கோரஸில் சேர்ந்தால் பயிற்சி முடியும்வரை படைக்குக் கூப்பிட மாட்டார்கள். சாப்பாடு அந்திபிலோஸ் வீட்டில். விலாங்கு மீன், வெண்ணெய் போலக் கரையும் பாலாடைக்கட்டி, தேன் விட்ட திராட்சை ரசம். ஆனால் பாடுவதற்கு முன்னால் சாப்பிடக் கூடாது என்பது விதி. அதனால் காலையிலிருந்து வயிறு காய்ந்து, சமையல்கட்டிலிருந்து வரும் விலாங்கு வாசனையில் தெய்வங்களைக் கூப்பிட்டுப் பாடிக்கொண்டிருப்போம். பாட்டில் அவ்வளவு உருக்கம் எப்படி வந்தது என்று பிறகு பலர் கேட்டார்கள்.

கவிஞரே எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நாங்கள் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டோம். ஒல்லியான மனிதர், எப்போதும் சளி பிடித்திருக்கும், மூக்கை மேலங்கி நுனியில் துடைத்துக்கொள்வார். பாட்டைச் சொல்லிக்கொடுத்து, அடவு பழக்கி, இருபது நாள் கழித்துத்தான் நாங்கள் யார் என்று சொன்னார். பிடிபட்ட ஊர் ஒன்றின் பெண்கள். ஆண்களையெல்லாம் கொன்றாயிற்று. பெண்களைக் கப்பலுக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். நாடகம் தொடங்குவதே அந்த நடையில்தான்.

பதினைந்து பேரும் நடந்து காட்டினோம். வாத்தியார் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சந்தைக்கு வெங்காயம் வாங்கப் போற மாதிரி வர்றீங்க. பின்னால ஊரு எரிஞ்சுக்கிட்டு இருக்கு, ஞாபகம் இருக்கா?"

மறுபடி நடந்தோம். இந்த முறை மார்பில் அடித்துக்கொண்டு, தலைமுடியைப் பிய்ப்பது போலக் கையை வைத்துக்கொண்டு.

"இது எழவு வீட்ல கூலிக்கு அழுவறது," என்றார். "உங்கள்ல யாராவது பாத்திருக்கீங்களா? நெசமா, இப்படிப் போற பொம்பளைங்கள?"

எல்லோரும் காலைப் பார்த்தோம்.

பதினைந்து பேரில் ஆறு பேர் பார்த்திருந்தோம். இரண்டு கோடைக்கு முன்னால், வடக்கே கடலோரத்து ஊர் ஒன்றைச் சபையின் தீர்மானப்படி பிடித்தோம். அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்த ஊர்ப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. லிசானியாஸும் நானும் கீழ்த்தட்டுத் துடுப்புக்காரர்கள். சண்டையில் எங்களுக்கு வேலை இல்லை. எல்லாம் முடிந்த பிறகு கரையில் நின்று பெண்களையும் பிள்ளைகளையும் ஏணி வழியாகக் கப்பலில் ஏற்றிவிட்டோம். என் கையைப் பிடித்து ஏறியவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. ஒரு முகத்தையும் நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் பார்க்கவில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி லிசானியாஸின் வீட்டிலேயே இருந்தாள். பிலின்னா என்று பெயர். துறைமுகத்தில் ஏலம் விட்டபோது அவன் மனைவி மெலித்தாவின் அண்ணன் வாங்கித் தங்கைக்குக் கொடுத்திருந்தான். முப்பது வயது இருக்கும். நன்றாக நூற்பாள், ரொட்டி சுடுவாள், தண்ணீர் எடுத்து வருவாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். கேட்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

வாத்தியாரிடம் திட்டு வாங்கிய மறுநாளிலிருந்து லிசானியாஸ் அவளைப் பார்க்கத் தொடங்கினான். அவள் முற்றத்தில் நடக்கும்போது, குடத்தோடு வரும்போது, கதவருகே நின்று திரும்பும்போது. அவன் எதையும் ரகசியமாகச் செய்யத் தெரியாதவன். நாலாம் நாள் மெலித்தா என் கடைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, உங்க சிநேகிதருக்கு என்ன ஆச்சு? அவளையே வெச்ச கண்ணு வாங்காம பாக்குறாரு. கேட்டா, நடைய பாக்குறேங்குறாரு."

"நெசமாவே நடையத்தாம்மா பாக்குறான். கோரஸ்ல பொம்பள வேஷம்."

"நடையத்தான் எல்லாரும் மொதல்ல பாப்பாங்க," என்றாள் மெலித்தா. "பொம்பள நடைக்கு நான் இல்லியா வீட்ல? பதினேழு வருஷமா நடந்துக்கிட்டுத்தான இருக்கேன்."

அவள் செருப்பில் அறுந்துபோன வாரை மாற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை பயிற்சிக்குப் போக அவனைக் கூப்பிடப் போனேன். பிலின்னா முற்றத்தில் உட்கார்ந்து கம்பளி சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். லிசானியாஸ் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்திருந்தான். வீட்டு எசமான் அடிமைக்கு எதிரில் அப்படி உட்காருவது பார்க்க விநோதமாக இருந்தது. மெலித்தா கதவு நிழலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிலின்னா, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கய்யா."

"அன்னிக்கு உங்க ஊர்லேருந்து கப்பலுக்கு வந்தீங்கள்ல. எப்படி நடந்து வந்தீங்க?"

"காலாலதான்யா."

கிண்டலா இல்லையா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. லிசானியாஸ் தலையைச் சொறிந்தான்.

"அழுதீங்களா?"

"சில பேரு அழுதாங்க."

"நீ?"

அவள் கையிலிருந்த கம்பளியில் ஒரு முள் இருந்தது. அதை எடுத்துத் தரையில் போட்டாள். பிறகு அவனைப் பார்க்காமலே பேசினாள்.

"நான் மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தேன். அப்படியே இழுத்துட்டு வந்துட்டாங்க. கை கழுவல. கப்பல்ல காத்துல காஞ்சு போச்சு, வெரல் இடுக்குல எல்லாம். அத உரிச்சு உரிச்சு எடுத்துக்கிட்டே இருந்தேன். மூணு நாளு. வேற என்ன பண்றதுன்னு தெரியல. அப்புறம், தீந்துரப் போவுதேன்னு கொஞ்சம் எடுக்காம விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"விக்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் கழுவி விட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் இன்னும் ஒன்று கேட்டான். "கப்பல்ல ஏறும்போது யாராவது கை குடுத்தாங்களா?" குடுத்தாங்க என்றாள். யாரு கையின்னு பாக்கல என்றாள். நானும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் தெருவுக்கு வந்தோம்.

அன்று பயிற்சியில் நடையை ஆரம்பித்தபோது லிசானியாஸ் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. இடது கை விரல்களை வலது கையால் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே வந்தான். தலை குனிந்து, மெதுவாக, வேலையில் கவனமாக இருக்கிறவள் மாதிரி. ஊர் எரிவது அவளுக்குத் தெரியவே இல்லை என்பது போல. குழல்காரர் பாதியில் ஊதுவதை நிறுத்திவிட்டார்.

வாத்தியார் எழுந்து வந்தார். "என்னது அது?"

"மாவு, வாத்தியாரே. கையில ஒட்டியிருக்கு."

வாத்தியார் வெகு நேரம் அவன் விரல்களையே பார்த்தார். "யாரு சொன்னாங்க?" என்று கேட்கவே இல்லை. "எல்லாரும் அதப் பண்ணுங்க," என்றார். "குழல் வேண்டாம் அந்த எடத்துல. பதினஞ்சு பேரும் நின்னு, சத்தமில்லாம, அத மட்டும் பண்ணுங்க. நான் பத்து மூச்சு எண்ணுவேன்."

அன்று நாங்கள் அதைச் செய்துபார்த்தபோது சமையல்கட்டிலிருந்து வந்த வேலைக்காரி ஒருத்தி வாசலில் தட்டோடு நின்றுவிட்டாள். வாத்தியார் அவளைக் காட்டி எங்களிடம் தலையாட்டினார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. லிசானியாஸுக்கும்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அவன் அதையே பேசினான். எந்த விரலில் ஆரம்பித்தால் நன்றாக இருக்கும், மேல் வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிய வேண்டுமானால் கையை எவ்வளவு உயர்த்த வேண்டும், இப்படி.

திருவிழா வந்தது. முதல் நாள் ஊர்வலம். திருவிழாத் தெய்வம் தியோனிசோஸின் சிலையைச் சுமந்து, மரத்தில் செதுக்கிய ஆண்குறிகளைத் தோளில் தூக்கி, கெட்ட பாட்டுப் பாடிக்கொண்டு ஊரே போனது. லிசானியாஸின் தொண்டை கட்டிவிடக் கூடாது என்று வாத்தியார் அவனைப் பாட விடவில்லை. அதனால் அவன் பாட்டுக்குத் தகுந்த சைகைகளை மட்டும் செய்துகொண்டு வந்தான். மெலித்தா பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

எங்கள் நாடகம் மூன்றாம் நாள் காலையில். அதற்கு முன்னால் வழக்கம்போலச் சடங்குகள். பன்றிக்குட்டி இரத்தம் தெளித்து அரங்கைச் சுத்தம் செய்தார்கள். தோழமை ஊர்களிலிருந்து வந்த கப்பத்தை ஆடும் வட்டத்தில் பரப்பிக் காட்டினார்கள். பிறகு போரில் தகப்பனை இழந்து அரசின் செலவில் வளர்ந்து இந்த வருடம் வயதுக்கு வந்த பையன்கள் புதுக் கவசம் போட்டுக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். சனங்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். அவர்கள் நடந்து போன அதே நுழைவழியில்தான் நாங்கள் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஒரு பையனின் கவசம் பெரிதாக இருந்தது. நடக்கும்போது கழுத்தில் இடித்தது. அவன் தகப்பனை எனக்குத் தெரியும். அந்த வடக்கு ஊர் மதிலடியில் செத்தவன்.

முகமூடி போட்ட பிறகு இரண்டு சிறு துளை வழியாகத்தான் உலகம். எனக்கு முன்னால் ஒரு துண்டு மணல், வலப்பக்கம் லிசானியாஸின் காவி நிறப் பாவாடை விளிம்பு. நடந்தோம். குறித்த இடத்தில் நின்றோம். குழல் நின்றது. பதினைந்து பேரும் விரல்களை உரிக்கத் தொடங்கினோம்.

பதினாயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற இடம் அது. கொட்டை கடிப்பான், தும்முவான், பின் வரிசைக்காரனைத் திட்டுவான். பிடிக்காவிட்டால் குதிகாலால் பலகையை உதைப்பான். அந்தப் பத்து மூச்சு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. மலைச்சரிவில் ஒரு ஆடு கத்தியது கேட்டது. என் விரல்கள் உண்மையிலேயே எதையோ தேடின. இரண்டு கோடையாக நான் நினைக்காத அந்த ஏணி, அந்தக் கைகள், அவற்றின் எடை எல்லாம் வந்தது. முகமூடிக்குள் அழுதால் துடைக்க முடியாது. மூக்கு வழியாக ஒழுகி வாய்க்குள் போகும். அந்த நிலையில் அடுத்த பாட்டைப் பாட வேண்டும். பாடினோம்.

எங்களுக்கு இரண்டாம் இடம்தான் கிடைத்தது. நடுவர்கள் பத்துப் பேர் எழுதிப் போடும் சீட்டுகளில் சிலவற்றை மட்டும்தான் குலுக்கி எடுப்பார்கள், எந்தச் சீட்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது. இறங்கி வரும்போது ஒரு குயவன், "திருவிழாவுக்கு வந்தா மனுசன கொஞ்சம் சந்தோசமா வெச்சிருக்கக் கூடாதா," என்று முனகினான். இன்னொருவன் லிசானியாஸை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டான். வாடையையும் பொருட்படுத்தவில்லை. பிறகு கையை விட்டுவிட்டுப் போனான்.

லிசானியாஸ் திருவிழாவில் சூடும் ஐவிக்கொடியைத் தலையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். நானும் கூடப் போனேன். வெயில் இன்னும் சாயவில்லை. மெலித்தா வாசலிலேயே நின்று, "பரவால்ல, ரெண்டாவதுன்னா ரெண்டாவது," என்று சிரித்தாள். உள்ளே போனோம். பிலின்னா தண்ணீர்க் குடத்தோடு அப்போதுதான் பின்னால் வந்தாள். ஊற்றடியில் பெண்கள் பேசியிருக்க வேண்டும். திருவிழா நாட்களில் ஊற்றடியில் வேறு பேச்சே இருக்காது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேராக அவன் எதிரில் வந்து நின்றாள்.

"மாவு உரிச்சீங்களாமே."

லிசானியாஸின் கை தலையிலிருந்த ஐவிக்கொடிக்குப் போனது.

"பதினஞ்சு பேரும் உரிச்சீங்களாம். ஊரே அழுதுச்சாம். பக்கத்து வீட்டு எசமானியம்மா அங்கயே மயக்கமாயிட்டாங்களாம்."

"பிலின்னா, நான் வந்து..."

"ஊரு போச்சு. வீடு போச்சு. யாரு யாரு போனாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன். கையில ஒட்டியிருந்தது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு. நீங்க கேட்டீங்க, சொன்னேன். கேட்டா சொல்லணும்ல. அதையும் எடுத்துக்கிட்டீங்க."

மெலித்தா முன்னால் வந்தாள். "யார்கிட்ட என்ன பேசுற நீ? வாய அடக்கு." சுவரில் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்தாள்.

"விடு," என்றான் லிசானியாஸ்.

"விடவா? வீட்ல இருக்கறவ இப்படிப் பேசுனா நாளைக்கு..."

"விடுன்னு சொன்னேன்ல."

பிலின்னா குடத்தை எடுத்துக்கொண்டு சமையல் பக்கம் போய்விட்டாள். லிசானியாஸ் தலையில் ஐவிக்கொடியோடு முற்றத்தில் நின்றுகொண்டே இருந்தான். நான்தான் அதை எடுத்துக் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகு அவன் மிதிக்கும்போது பாடுவதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற எனக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது. கோடை முழுதும் தொட்டியில் கால் மிதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னான்.

"மிக்கியோன், நான் நல்லதுதான் பண்றேன்னு நெனச்சேன்டா. அவங்க கஷ்டம் நம்ம ஆளுங்களுக்குத் தெரியட்டும்னு."

"தெரிஞ்சுச்சே."

"தெரிஞ்சுச்சு. அழுதாங்க. அப்புறம் எழுந்து வீட்டுக்குப் போயிட்டாங்க. போன மாசம் சபையில இன்னொரு ஊருக்குக் கப்பல் அனுப்பறதுக்குக் கை தூக்குனாங்கள்ல, அதுல பாதிப் பேரு அன்னிக்கு அழுதவங்கதான். நான் பாத்தேன். நானும் அழுதேன், அது வேற விஷயம்."

"நீ கை தூக்குனியா?"

"தூக்கல. அதனால என்ன ஆயிரப் போவுது."

நான் தூக்கியிருந்தேனா என்று அவன் கேட்கவில்லை. அதற்காக அவனிடம் எனக்கு இன்றும் நன்றி உண்டு.

குளிர்காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவன் தகப்பன் வழி ஊரில் சின்னத் திருவிழா. நகரத்தில் பெயர் வாங்கிய நாடகங்களை அங்கே மறுபடி போடுவார்கள். அந்த வருடம் எங்கள் நாடகத்தைப் போட வாத்தியாரிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள். ஊர்த் தலைவரே லிசானியாஸின் பட்டறைக்கு வந்தார். உள்ளூர் ஆட்களுக்கு அந்த விரல் உரிக்கிற கட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதைப் பார்க்கத்தான் சனங்கள் வருவார்கள் என்றார். நாளை மறுநாள் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டான்.

இதற்குப் பிறகு நடந்ததை அவனே எனக்குச் சொன்னான். வீட்டுக்குப் போய்ப் பிலின்னாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறான்.

"என்னை எதுக்குக் கேக்குறீங்க? உங்க கை, உங்க கூத்து."

"ஒரு தடவ கேக்காம பண்ணிட்டேன்."

"வேணாம்னு சொன்னா?"

"வேணாம்னா வேணாம்தான்."

அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாளாம். அடிமை இப்படிப் பார்க்கக் கூடாத பார்வை என்றான். "அப்ப வேணாம்," என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாளாம்.

மலைக்கு அப்பால் அவன் போய்ச் சொன்னபோது நான் கூட இருந்தேன். ஊர்த் தலைவர் வீட்டு முற்றத்தில் பத்துப் பேர் திராட்சை ரசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தைச் சொல்லித்தர முடியாது, நீங்களும் போடாதீர்கள் என்றான். தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏன்டா, பெரிய ஊருக்கு மட்டுந்தான் ஆடுவியோ? நாங்கள்லாம் மனுசங்க இல்லியா?"

"அதில்லண்ணே."

"பின்ன என்ன? பொண்டாட்டி வேணாம்னுட்டாளா?"

"வீட்டு வேலைக்காரி வேணாம்னுட்டா."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவரே சிரித்துவிட்டார். இவன் வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்து ஒருவன் கோப்பையை நிரப்பிக் கொடுத்தான். லிசானியாஸ் அதை வாங்கிக் குடித்தான். அவர்கள் கடைசியில் வழக்கமான மார்பில் அடித்துக்கொள்ளும் அடவையே போட்டார்கள். நாடகம் நன்றாகத்தான் இருந்தது என்று கேள்வி.

அவளை விடுதலை செய்வது என்று அவன் முடிவெடுத்தது அந்தக் குளிர்காலத்தில்தான். மெலித்தா லேசில் விடவில்லை. அவள் பேச்சிலும் நியாயம் இருந்தது.

"அவ போனா நூல் யாரு நூக்கறது? பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கு, பொட்டி நெறைய துணி வேணும். நீங்க நூப்பீங்களா?"

"நூத்துப் பாக்குறேன்."

"உங்க கைல நூத்தா அந்தத் துணிய எவன் கட்டுவான், மூக்கப் புடிச்சுக்கிட்டு?"

பெண் கல்யாணம் முடியும்வரை பிலின்னா இருப்பது, பிறகு போவது என்று முடிவாயிற்று. இரண்டு வருடம் ஆயிற்று. இரண்டு வருடமும் மெலித்தா அவளோடு சண்டை போட்டாள், கடைசி மாதத்தில் அவள் போகிறாளே என்று அழுதாள். இரண்டும் உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தக் காலத்தில் அடிமையை விடுவிக்கிறவர்கள் திருவிழா அரங்கில், நாடகம் தொடங்குவதற்கு முன்னால், ஊர் முழுதும் கேட்கும்படி கட்டியக்காரனை விட்டு அறிவிப்பார்கள். அத்தனை பேர் சாட்சி என்றால் பிறகு யாரும் மறுக்க முடியாது. லிசானியாஸுக்கு அப்படிச் செய்ய ஆசை. அந்த இடத்திலேயே அவள் பெயரைச் சொன்னால் தான் செய்ததற்கு ஒரு ஈடு ஆகும் என்று நினைத்திருப்பான்.

"அங்க வேணாம்," என்றாள் பிலின்னா.

"எல்லாருக்கும் தெரிஞ்சா உனக்குப் பாதுகாப்புதான?"

"அங்க இருக்கறவங்க என்னப் பாத்தது போதும்யா."

அதனால் எங்கள் தெரு மூலையிலிருக்கும் பலிபீடத்தில், மூன்று சாட்சிகள் முன்னால் நடந்தது. நான் ஒருவன், மெலித்தாவின் அண்ணன் ஒருவன், எதிர்வீட்டு எண்ணெய்க்காரன் ஒருவன். லிசானியாஸ் வார்த்தைகளைச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். முடிந்ததும் குனிந்து தன் மூட்டையை எடுத்துக்கொண்டாள். மெலித்தா ஒரு பொதி கம்பளியும் நூல் நூற்கும் நல்ல கதிர் ஒன்றும் கொடுத்தாள். கதிரை வாங்கிக்கொண்டாள். கம்பளி கனம், பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள். வந்து எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் துறைமுகத்துக்குப் போனாள். வெளியூர்க்காரர் இங்கே வாழ ஒரு குடிமகன் பொறுப்பேற்க வேண்டும். லிசானியாஸ் ஏற்றான். அந்தப் பொறுப்புக்காக வருடத்துக்கு ஒரு முறை அவளைப் பார்க்கப் போவான், போகும் அன்று இரண்டு முறை குளிப்பான். அவள் பாய்மரத் துணி தைக்கிறாள். கையில் தோல் பட்டை கட்டிக்கொண்டு தடித்த ஊசியால் குத்துகிற வேலை. முதலில் ஒரு தாழ்வாரத்தின் மூலையில், பிறகு சொந்தமாக ஒரு அறையில். வலை பின்னுகிற சாமோஸ் தீவுக்காரன் ஒருவனோடு சேர்ந்து வாழ்கிறாள். அவன் நிறையப் பேசுவான், அவள் கொஞ்சம் பேசுவாள். எனக்குத் தோல் வாங்கத் துறைமுகம் போக வேண்டியிருப்பதால் மாதம் ஒரு முறையாவது அவளைக் காண்கிறேன். "செருப்பு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "தேயுது," என்பாள்.

லிசானியாஸ் அதன் பிறகு வேஷம் கட்டவில்லை. அந்திபிலோஸ் ஒரு முறை ஆள் அனுப்பினார். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டான். பொய் இல்லை, முழங்கால் வலிக்கத்தான் செய்தது. ஆனால் முகமூடி இல்லாமல் ஐம்பது பேர் வட்டமாக நின்று பாடும் பாட்டில் மட்டும் இரண்டு வருடம் பாடினான். திருவிழாவுக்கு ஒரு நாள் விடாமல் வருவான். நாடகம் பார்ப்பான். சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான். அழுகிற கட்டத்தில் பக்கத்தில் இருக்கிறவர்களைத் திரும்பிப் பார்ப்பான்.

போன மாதம் துறைமுகத்தில் பிலின்னாவின் அறைக்குப் போனேன். ஒரு பெண் உட்கார்ந்து அவளுடைய நூலுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தாள். பதினாறு பதினேழு வயது, செம்பட்டை முடி, கழுத்தில் பச்சை குத்தியிருந்தது. வடக்கே திரேஸ் பக்கத்துப் பெண். பிலின்னா அவளை விலைக்கு வாங்கியிருக்கிறாள் என்று சாமோஸ்காரன் சொன்னான். வேலை கூடிவிட்டதாம், கை பத்தவில்லையாம். பிலின்னா என்னை வழக்கம்போல விசாரித்தாள். அந்தப் பெண்ணிடம் ஊசியைக் காட்டி ஏதோ சொன்னாள், கோபமாக இல்லை, பொறுமையாகத்தான். எனக்கு என்னவோ போல இருந்தது. ஏன் அப்படி இருக்க வேண்டும் என்றும் தோன்றியது. என் கடையிலும் அப்படி வாங்கிய ஒருவன் இருக்கிறான், லிதியாக்காரன், எட்டு வருடமாக.

திரும்பி வந்து லிசானியாஸிடம் சொன்னேன். தொட்டியில் நின்று மிதித்துக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் மிதிக்கிறான். கேட்டுவிட்டு நிறுத்தாமல் மிதித்தான்.

"அந்தப் பொண்ணு எந்த ஊராம்?" என்றான் கடைசியில்.

"கேக்கல."

"பிலின்னாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"அதுவும் கேக்கல."

தொட்டியை விட்டு இறங்கினான். அன்று வெளுத்த மேலங்கி ஒன்று கனமாக நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிழிய ஆள் வேண்டும். நான் ஒரு முனையைப் பிடித்தேன், அவன் மறுமுனையைப் பிடித்தான், இருவரும் எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கினோம்.